கல்லில் ஏறாத பி.எஸ்ஸி.

மதினி,

இன்று காலை என் மகள் நகப்பூச்சைத் துடைக்கிறேன் என்று பஞ்சும் சின்னப் புட்டியுமாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்ததுதான் தாமதம், வாசனை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அசிட்டோன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த என் கை நின்றுபோனது. புதுக்கோட்டைக் கல்லூரியில், மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கோடை வகுப்பில், இதே வாசனையுள்ள புட்டி ஒன்றை மிஸ் ஒவ்வொரு பெஞ்சாக நீட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் முகர்ந்துவிட்டு என் காதில் சொன்னீர்கள்: "இத்தன வருசமா பேரு தெரியாமலே மோந்துக்கிட்டு இருந்திருக்கோம்த்தா."

"என்னம்மா, மூக்குல ஏறிருச்சா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். எனக்கு ஏறியது கோபம். உங்களை நினைக்கும்போதெல்லாம் அழுகைக்கு முன்னால் அதுதான் வருகிறது. யாரிடம் சொல்வது? உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஆவூருக்கு வந்தபோது, வேதியியல் பட்டப்படிப்பில் ஒரே ஒரு தாள் பாக்கி வைத்துவிட்டு வந்தீர்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, முதல் தாள். "அதான் கல்யாணம் ஆயிருச்சே, இனிமே எதுக்கு?" என்றார் அண்ணன். அடுத்த வருஷம் எழுதுவோம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்கே போய்விட்டார்கள். பழைய அரியர் உள்ளவர்களுக்கு ஒரு சிறப்பு வாய்ப்பு என்று செய்தி வந்த அன்று, பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தனியாகப் போகக்கூடாது, துணைக்கு நான் போக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் முடித்ததோடு சரி. அதற்குமேல் கைக்குக் கிடைத்த புத்தகத்தை நானாகப் படித்துக்கொண்டவள். வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். அந்த மிஸ், நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும், "வெயில்ல ஏம்மா காயறீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்று கடைசி பெஞ்சைக் காட்டினார். அரியர் வைத்திருந்த பையன்களும் பெண்களும் நம்மைப் பார்த்து முதலில் எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்களாம்.

கார்பனுக்கு நாலு கை. அவ்வளவுதான் பாடமே என்று மிஸ் சொன்னார். எனக்கு அது உடனே பிடிபட்டது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு, இந்தப் பக்கம் கூடினால் அந்தப் பக்கம் இடிக்கும் என்பது புதிதல்ல. உங்களுக்குத்தான் கை தவறியது. ஒருநாள் பலகைக்குக் கூப்பிட்டு வரையச் சொன்னார். நீங்கள் வரைந்து முடித்ததும், "அம்மா, ஒங்க கார்பனுக்கு அஞ்சு கை இருக்கு" என்றார்.

"வீட்டு வேலையும் பாக்குற கார்பன் மிஸ். நாலு பத்தாது."

வகுப்பே சிரித்தது. மிஸ் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நீங்களும் சிரித்துக்கொண்டே, அந்த ஐந்தாவது கோட்டைப் புறங்கையால் அழித்தீர்கள். அதன்பிறகு நீங்கள் அந்தத் தவறைச் செய்து நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நான் ஜெபமாலை உருட்டுவேன். பக்கத்தில் நீங்கள் அதே தாளத்தில் மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என்று முணுமுணுப்பீர்கள். எனக்கு மணி தவறிப்போகும். "மாதா கோவிச்சுக்கப் போகுது மதினி" என்றால், "கோவிக்காது. கேஸ் சிலிண்டருக்குள்ள என்ன இருக்குன்னு மாதாவுக்கும் தெரியட்டும்" என்பீர்கள். அந்த வெயிலில், நெற்றி வேர்வை மூக்கில் வழிய, நீங்கள் இருந்த மாதிரி சந்தோஷமாக உங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உங்கள் மகன் கல்யாணத்தில்கூட அந்த முகம் இல்லை.

பரீட்சை எழுதினீர்கள். வெளியே வந்து, "ஒண்ணுதான் விட்டுட்டேன். மத்ததெல்லாம் வந்துருச்சு" என்றீர்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம்.

கோடை முடிந்து, மழையும் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை மத்தியானத்தில் அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். நெஞ்சு என்றார் டாக்டர்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வெயில்ல அலைஞ்சா, போயிட்டா." "இந்த வயசுல படிப்பு ஒரு கேடா?" நம் பெரியம்மா உங்கள் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "எழுத்துதான்டி ஒன்னைய கொண்டு போச்சு" என்று ஒப்பாரியே வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வெயில்? தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது! நீங்கள் விழுந்தது அடுப்புக்கு முன்னால். வாழ்நாளெல்லாம் அந்த அடுப்பில் வெந்தீர்களே, அந்த அடுப்பை ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? ஒரே ஒரு கோடை உங்களுக்கென்று எடுத்துக்கொண்டீர்கள். பழி முழுவதும் அதன் தலையில்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் ரிசல்ட் வந்தது. என் மகள்தான் போனில் பார்த்தாள். பாஸ். ஓடிப்போய் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கல்லறைக்குக் கல் செதுக்கக் கொடுக்கும்போது, உங்கள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. போடச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன்.

"செத்தவளுக்கு எதுக்கும்மா பட்டம்? சர்டிபிகேட்டே இன்னும் வரல. ஊர் சிரிக்கும்."

"வீட்டு வாசக் கல்லுல ஒங்க பேருக்குப் பின்னாடி பி.ஏ., பி.எட்.டு வெயில்ல மின்னுது. கீழ மதினி பேரு மொட்டையா நிக்கிது. அதப் பாத்து ஊர் சிரிக்கலயாண்ணே?"

"அது வேற."

'அன்பு மனைவி, பாசமிகு தாய்' என்று செதுக்கிக் கல் வந்தது. நட்டார்கள். பொய் ஒன்றும் இல்லை அதில். பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு இறந்தவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கோயில் உபதேசியாரிடம் கொடுப்போமே, பூசையில் வாசிக்க. எப்போதும் அண்ணன்தான் எழுதுவார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். உபதேசியார் சீட்டைப் பார்த்துவிட்டு, "பட்டமெல்லாமாம்மா வாசிக்கிறது?" என்றார்.

"போன வருசம் 'ரிட்டயர்டு தாசில்தார்'னு ஒருத்தருக்கு வாசிச்சீங்களே அய்யா. மோட்சத்துல அவருக்கு ஆபீஸ் போட்டுக் குடுத்திருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். வாசித்தார். கோயில் நிறைந்த கூட்டத்தில், ஒலிபெருக்கியில், உங்கள் முழுப்பெயரும் பின்னால் பி.எஸ்ஸி.யும் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் தலை சட்டென்று திரும்பியது. நான் பீடத்து நற்கருணைப் பேழையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றும்போது பெரியம்மா என் கையைப் பிடித்தார். சண்டைக்குத் தயாராகத் திரும்பினேன்.

"ஏத்தா, பி.எஸ்ஸின்னு வாசிச்சாகளே... அப்ப அவ பாஸ் பண்ணிட்டாளா?"

பாஸ்தான் என்றேன், மதினி. அவருக்குத் தெரியாது. அண்ணன் சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன்; யாருக்குமே தெரியாது. பாதிப் படிப்பில் போய்விட்டீர்கள் என்றே ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணனைப் பார்த்தேன். "துக்க வீட்டுல அத எப்படிம்மா போயிச் சொல்றது" என்றார், குனிந்தபடியே, அணைந்துபோன ஒரு திரியைக் கிள்ளிக்கொண்டு. பெரியம்மா மட்டும், "சொல்லியிருந்தா இன்னமும் எழுத்துதான் அவளக் கொண்டு போச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவனா நானு?" என்று அவரை விடாமல் பிடித்துக்கொண்டார். பெரியம்மாவின் கோபத்தைப் பார்த்தபின் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் என் கோபம் தணியவில்லை. கிறிஸ்மஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மருமகளிடம் சிடுசிடுத்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்திப் போனது, பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். "வேற ஏதும் உண்டாம்மா?" என்று சாமியார் கேட்டார். அண்ணன்மேல் உள்ள இந்தக் கோபம் தொண்டை வரைக்கும் வந்தது.

"இல்ல சாமி" என்றேன். பாவம் என்று பட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.