பின் கதவின் மேல் மூலை

9-8-1972, புதன், காஞ்சிபுரம்

குழந்தை பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டியதும் தூங்கிவிட்டாள். முன்கட்டில் அப்பா நெய்கிறார். தறிச் சத்தத்துக்கு இவள் அசைவதில்லை. தறி நின்றால்தான் விழிக்கிறாள்.

பெங்களூரிலிருந்து அவர் கடிதம். "பின் கதவும் பொருத்தியாயிற்று. நம் விமானத்துக்கு உடம்பு வந்துவிட்டது, இந்திராணி" என்று எழுதியிருக்கிறார். ஆறு வருஷமாகக் காகிதத்திலேயே பறந்துகொண்டிருந்த ஜெட். தொண்ணூறு பேர் போகலாம். நடுவில் ஒரே நடைபாதை, ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. கதவுகளைச் சுற்றியுள்ள தகடு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு முழுக்க என்னுடையது. கலியாணசுந்தரம் சார் தலைமையில் நடக்கும் இந்த வேலையில், எங்கள் பிரிவில் ஒரே பெண் நான்.

செப்டம்பர் 20, விமானம் தொடருமா என்று முடிவுசெய்யும் டெல்லிக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னால் விமான உடலுக்குள் காற்றை அடைத்து, இரு முனையிலும் ஜாக் வைத்து வளைத்து, வானத்தில் வருவதைப்போல் ஒன்றரை மடங்கு பாரம் ஏற்றிக் காட்ட வேண்டும். வால்வைத் திறக்கப்போவது இவர்தான். சோதனைப் பிரிவு இவருடையது.

சந்தோஷமாக இருக்கிறது. முதுகுதான் வலிக்கிறது.

14-8-1972

கதவுக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த கரட்டு நோட்டை எடுத்துப் புரட்டினேன். கொண்டுவந்திருக்கவே கூடாது, அலுவலகத் தாள் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. பிரசவ லீவில் பொழுது போகாதே என்று புடவைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பக்கம் 43. முன் கதவுக்குப் போட்ட அட்டவணையை அப்படியே பின் கதவுக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பின்பக்கத்தில் உடல் எதிர்த்திசையில் அல்லவா இழுபடும்? முன் கதவின் மேல் மூலையில் காற்றின் இழுப்பும் வளைவின் இழுப்பும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். பின் கதவின் மேல் மூலையில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கூட்ட வேண்டும். நான் கழித்திருக்கிறேன்.

ஒரு கழித்தல் குறி.

இல்லை. அசதி. நாளைக்குப் பார்க்கலாம்.

15-8-1972

கழித்துத்தான் இருக்கிறேன்.

17-8-1972

மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு பின் கதவை முதலிலிருந்து போட்டேன். பதினோரு பக்கம். பாதியில் குழந்தை அழும், பால் கொடுக்க வேண்டும், திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. முதல் தடவை ஒன்றரை மடங்கு தாங்கும் என்று வந்தது. அப்பாடா என்று அழுதேன். இரண்டாம் தடவை தாங்காது என்று வந்தது. மூன்றாம் தடவை வேறொரு எண்.

"பால் வத்திக்கினு இருக்குது, நீ இன்னாடி எழுதிக்கினே இருக்கிற?" என்று அம்மா பென்சிலைப் பிடுங்கிவிட்டாள்.

எதை நம்புவது? நான் சரியாகத்தான் இருக்கிறேனா?

19-8-1972

கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின் இந்த ஊரில் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பட்டு கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறது! அப்பாவைப் பிடித்து நச்சரித்தேன். சங்கத்துக் குமாஸ்தா அப்பாதுரை, "மயில்வாகனத்தோட பொண்ணா? சாப்பாட்டு நேரத்துல வந்து போட்டுக்கோம்மா" என்றார். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பிறந்த இருபத்திரண்டாம் நாளே வெளியே கிளம்பினேன் என்று தெருவே பார்த்தது.

இரண்டு மணி நேரம் சுற்றினேன். மூன்று தடவையும் ஒரே விடை. பின் கதவின் மேல் மூலை ஒன்றேகால் மடங்குக்கு மேல் தாங்காது. அங்கிருந்துதான் கிழியும்.

"இன்னாம்மா, கணக்கு இடிக்குதா?" என்று அப்பாதுரை கேட்டார். சரியாக வந்துவிட்டது என்றேன்.

20-8-1972

பெங்களூரில் இருக்கும் அவருக்கு எட்டுப் பக்கம் எழுதிப் போட்டேன். உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தினால் கிழிந்தாலும் கிழிசலோடு போய்விடும். காற்று என்றால் குண்டு வெடித்த மாதிரி. நீங்கள் நாலடி தூரத்தில் நிற்பீர்கள். பக்கம் 43-ஐ அப்படியே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் போட்டுப் பாருங்கள் என்று.

26-8-1972

பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"கலியாணசுந்தரம் சாரிடம் சொன்னேன். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட கணக்கு என்றார். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாமல் குழம்பியிருப்பாள் என்று சிரித்தார். ஆனால் எந்தத் தாளைப் பார்த்து எழுதுகிறாள் என்றும் கேட்டார். நோட்டு அங்கே இருக்கிறதா? இருந்தால் அடுப்பில் போடு. நம் இரண்டு பேர் வேலையும் போய்விடும். உடம்பைப் பார்த்துக்கொள்."

போட்டுப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எட்டுப் பக்கத்தையும் படித்தாரா என்றே தெரியவில்லை.

27-8-1972

நோட்டோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். போடவில்லை.

2-9-1972, சனி

காந்தி ரோடு தபாலாபீஸில் ட்ரங்க் கால் போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ரவிக்கை நனைந்துபோய் முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் கிடைத்தார். தண்ணீர் வைத்துச் செய்யுங்கள் சார், அதுபோதும் என்று கெஞ்சினேன்.

"தண்ணித் தொட்டி ஒழுகுதும்மா. ஜனவரிக்கு முந்தி ஆகாது. இருபதாம் தேதி காட்டலைன்னா குழு மூட்டையைக் கட்டிடும். அதோட விமானம் முடிஞ்சுது. பதினோரு வருஷமா ஒவ்வொரு கதவா தட்டியிருக்கேன், தெரியுமா உனக்கு?" பிறகு, "நல்லாத் தூங்கு. குழந்தையைக் கவனி." வைத்துவிட்டார்.

கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். என்னை வேலைக்கு எடுக்க மேலிடத்தில் சண்டை போட்டவர் அவர்தான்.

6-9-1972

பெங்களூரிலிருந்து இவர் என் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், எனக்கு இல்லை. என்னை டாக்டரிடம் காட்டச் சொல்லி. காட்டினார்கள். டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம், "சில பேருக்கு இப்படி வரும், ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "மாப்பிள்ள இவ்ளோ எழுதியிருக்காரே, ஏம்மா இப்டி பண்ற?" என்று கண் கலங்கினார்.

நோட்டைக் காணோம். அம்மா எடுத்து ஒளித்துவிட்டாள்.

8-9-1972

மாத்திரை போட்டால் பகலெல்லாம் பஞ்சு அடைத்த மாதிரி. குழந்தை அழுவது பக்கத்து வீட்டில் அழுவது போலக் கேட்கிறது. துப்பிவிட்டேன்.

இன்னும் பன்னிரண்டு நாள். நான் சொல்வது சரியென்றால் இவள் அப்பா இல்லாமல் வளர்வாள். தப்பென்றால் இவளுக்குப் பைத்தியக்கார அம்மா. நான் பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன். சாமீ, நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன்.

10-9-1972, ஞாயிறு, பெங்களூர்

நேற்று மத்தியானம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஏரோபிளேனு தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாப்பிள்ள அது பக்கத்துல நிப்பாரா?"

"நிப்பாரும்மா."

"நீ சொல்றது நெஜமா?"

"மூணு தடவை ஒரே விடைம்மா."

அம்மா எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கைவிட்டு நோட்டை எடுத்து வந்தாள். "அப்ப கெளம்பு. புள்ளய நான் தூக்கியாறேன்."

விடிந்ததும் பஸ். வாலாஜா தாண்டினதும் எனக்கு வாந்தி. வேலூரில் குழந்தைக்கு வெந்நீர் கிடைக்க அரை மணி ஆயிற்று. மூன்று மணிக்கு வீடு. அவர் பனியனோடு கதவைத் திறந்தார். குழந்தையை முதல் தடவையாகப் பார்த்தார். ஆனால் தூக்கவில்லை. "மாமி, நீங்களுமா?" என்றார்.

கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் சொன்னேன்: "சரி. இருபதாம் தேதி நானும் இவளும் உங்க பக்கத்துல வந்து நிக்கிறோம். வேணாம்னா ஒரு பென்சில் எடுங்க."

பென்சில் எடுத்தார். பக்கம் 43-ஐ மட்டும் விரித்து வைத்தேன். ஆறு மணிக்கு நிறுத்தினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கூட்டணும்" என்றார். பிறகு எழுந்துபோய் அம்மா மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

13-9-1972

சார் கேட்கவில்லை. இருபதாம் தேதி கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். இவர், "நான் வால்வு திறக்க மாட்டேன் சார்" என்றிருக்கிறார். வேறு ஆளைப் போடுவதாகச் சார் சொல்லிவிட்டார்.

வேறு ஆள். அவனுக்கும் வீட்டில் யாரோ இருப்பார்கள்.

15-9-1972

மேலிடத்துக்கு என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். தவறு செய்தது நான், நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனதும் நான் என்று. சாயந்திரமே உத்தரவு வந்தது. இரண்டு பேரும் சஸ்பெண்ட். சோதனைத் தேதியில் மாற்றம் இல்லை.

20-9-1972

மணி பத்து. அவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

பதினொன்று.

பன்னிரண்டரை. யாரும் வரவில்லை.

21-9-1972

ஃபிட்டர் முனுசாமி நேற்று மூன்று மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் புழுதி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார் காலைல வந்ததும் டெல்லிக்காரங்கள எதிர்க் கட்டடத்து மாடிக்கு அனுப்பிட்டாரும்மா. அங்க இருந்து நல்லாத் தெரியும்னாரு. அப்பறம் எங்களயும் வெளில போங்கன்னுட்டாரு. வால்வு நானே தொறக்கறேன்னாரு. ஏன் சார்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்றது ஒருவேள சரியா இருந்துட்டா என்ன பண்றதுன்னாரு."

ஒன்றேகால் எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கிழிந்ததாம். பின் கதவு, மேல் மூலை. சோதனைக் கட்டடத்தின் கூரைத் தகடுகள் பறந்து ரோட்டில் விழுந்தன. சாரைத் தூக்கிக்கொண்டு போகும்போது உயிர் இருந்தது.

இவர் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நான் சொன்னது சரி. சரியாக இருந்து என்ன? கழித்தல் குறி போட்டது என் கை.

24-9-1972, ஞாயிறு

ஆஸ்பத்திரி. சாரின் வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. இரண்டு காதும் போய்விட்டது, திரும்பாது என்கிறார்கள். அவர் மனைவி தில்லையம்மாள் என்னை உள்ளே விடுவாரோ மாட்டாரோ என்று வாசலிலேயே நின்றேன். அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

சார் என்னைப் பார்த்ததும் காகிதம் கேட்டார். இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். "பின் கதவுக் கணக்கு பதினோரு பக்கத்திலும் என் கையெழுத்து. ஒரு பக்கம்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை."

கீழே நான் எழுதினேன்: "தவறு என்னுடையது சார்."

அதை அடித்துவிட்டு, "நம்முடையது" என்று எழுதிக் கண்ணை மூடிக்கொண்டார்.

30-11-1972, காஞ்சிபுரம்

இவரை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னைப் பற்றிப் பேச்சில்லை. விமானம் நடக்குமா, மூடிவிடுவார்களா, அதுவும் தெரியாது. குழந்தை குப்புற விழுகிறாள். நீலாம்பாள் என்று பெயர். நான் காலையில் எழுந்திருப்பதே அம்மா திட்டுகிறாள் என்பதற்காகத்தான்.

6-3-1973, செவ்வாய்

ஒரு மாதத்துக்கு முன் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்ட உத்தரவு வந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சார் எழுதி வாங்கியிருக்கிறார். பின் கதவைப் புதிதாக வரைகிறார்கள். ஒரு வருஷம் தள்ளிப்போகும், விமானத்தின் எடையும் கூடும். அதற்கான கணக்கைப் போட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருந்தேன்.

இன்று திரும்பி வந்தது. என் பதினான்கு பக்கங்களோடு வேறு பதினான்கு பக்கங்களும் சேர்ந்து வந்தன. சாரின் இடது கை எழுத்து. ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து தனியாகப் போட்டிருக்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் சிவப்பு வட்டம். நான் தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்திருக்கிறேன்.

ரொம்ப நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருத்திக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு மத்தியானம், குழந்தையோடு சேர்ந்து, இரண்டு மணி நேரம் தூங்கினேன்.