மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
21-1-79, ஞாயிறு

அன்பு மகன் இஞ்ஞாசிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்தத் தெலுங்கு ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்காக ஒரு மணி கூடுதலாகத் தள்ளுகிறேன். அப்பாவுக்கு மார்கழிப் பனியில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை, ரொட்டிக்கடை அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டுத் தலையில் ஒரு துண்டுகூடப் போடாமல் பனியில் நடந்து வந்தால் எப்படி விடும், சொன்னால் கோபம் மட்டும் வருகிறது. உன் கலியாணத்துக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்கிறார் உன் அப்பா, அவர் கலக்கியதுதான். கோட்டுச்சேரி பக்கமெல்லாம் அறுப்பு நடக்கிறது, புது அரிசி வந்துவிட்டது, விருந்துக்குப் பழைய அரிசிதான் சோறு உதிரியாக வரும் என்று எடுத்துவைத்திருக்கிறேன்.

இதெல்லாம் நீ படிக்க அவசரப்படுகிற சேதி இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னோடு ரயில்வே யார்டில் வேலை பார்க்கும் இளையபெருமாள் பொங்கலுக்கு லீவில் வந்தவன், ஊருக்குப் போகும் முன்பே நேராக நம் வீட்டுக்கு வந்தான். நீ சொல்லி அனுப்பியதாக எல்லாவற்றையும் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்ததுமே உனக்குக் கையோ காலோ போய்விட்டது என்று நினைத்து எனக்கு உயிரே இல்லை, அப்புறம்தான் நடந்ததைச் சொன்னான். மழையில் நீ தண்டவாளத்தை மாற்றிவிடும் லீவரை இழுத்தாயாம், தண்டவாளம் பிரிகிற இடத்தில் ஒரு ஜல்லிக்கல் மாட்டிக்கொண்டு நகர்கிற தண்டவாள நாக்கு முழுதாக ஒட்டவில்லையாம், நடந்துபோய்ப் பார்க்காமல் நீ நின்ற இடத்திலிருந்தே பச்சைக் கொடியைக் காட்டிவிட்டாயாம், சிமெண்டு ஏற்றிய இரண்டு வேகன் தடம் இறங்கிவிட்டதாம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை என்று அவன் மூன்று தடவை சத்தியம் செய்த பிறகுதான் அவனுக்குக் காப்பி போட எழுந்தேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எழுத என்னால் முடியாது. போன வருஷம் நான் அங்கே வந்திருந்தபோது பகலில் யார்டு ஓரம் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து உன் வேலையைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா. லீவரை இழுத்தாய், கைக்குட்டையால் முகத்தைக்கூடத் துடைக்காமல் நேரே அந்த இடத்துக்கு நடந்துபோய்க் குனிந்து பார்த்தாய், அப்புறம்தான் கொடியைத் தூக்கினாய், அதுவரைக்கும் அவ்வளவு பெரிய இஞ்சின் உன் கையையே பார்த்துக்கொண்டு புஸ்புஸ் என்று நின்றது. ஒவ்வொரு தடவையும் ஏனப்பா நடக்கிறாய், கால் வலிக்காதா என்று நான் கேட்டதற்கு, அதுதானம்மா வேலையே, இழுப்பதற்கு எவனும் இழுப்பான் என்றாய். அப்படிச் சொன்ன பிள்ளை மழைக்குப் பயந்து நடக்கவில்லையா, நீ என்ன சர்க்கரைக் கட்டியா கரைந்துபோக. அந்த வேகன்களுக்கு நடுவில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும். சரி, திட்டி முடித்துவிட்டேன்.

அடுத்ததாக இளையபெருமாள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று காலையில் அந்த இடத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டது கருப்பையன் என்ற தினக்கூலி ஆளாம், கல்லை எடுக்காமல் விட்டது அவன்தான் என்று விசாரணையில் எல்லாரும் அவன் தலையில் கட்டப் பார்த்தார்களாம், கூலி ஆள் என்பதால் ஒரு வார்த்தையில் வேலை போய்விடுமாம். உன்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அப்போது நீயாக முன்னால் போய், “ஐயா, கல் எப்ப வேணும்னாலும் வந்து விழும், அதுக்காகத்தான் என்னைப் போட்டுருக்கு, போய்ப் பாக்காம கொடி காட்டினது நான்” என்று சொன்னாயாம். இளையபெருமாள் இதைச் சொல்லும்போது, “இவன் பேசாம இருந்திருந்தாம்மா, ஷண்டர் வேலைக்கு ஆர்டர் கைக்கு வந்துருக்கும்” என்றான். அந்த ப்ரமோஷனை நிறுத்திவிட்டார்கள், குவாட்டர்ஸ் வீடும் இப்போதைக்கு இல்லை, கொஞ்ச நாள் வேலைக்கு வராதே என்று உட்காரவைத்துத் திரும்பப் பழைய லீவருக்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னான். உன் அப்பா இருமலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார், கண்ணைத் துடைக்கத்தான் போனார், புகை என்று சொன்னார், நான் இன்னும் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

கடைசியாக ஒன்று சொன்னான் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கலியாணம் முடிகிற வரைக்கும் பெண் வீட்டுக்கு இது தெரிய வேண்டாம் என்று நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய். அத்தனை ஆபீசர்கள் முன்னால் சொன்ன வாய்க்கு, சைக்கிள் கடை வைத்திருக்கும் மாமனாரிடம் சொல்ல என்ன கூச்சம். உன் அப்பாவும் உன் கட்சிதான். “ரெண்டு வாரம் வாய மூடிக்கிட்டு இரு, தாலி ஏறட்டும், அப்புறம் தானா தெரிஞ்சுக்கட்டும்” என்றார். நானும் இரண்டு நாள் இருந்து பார்த்தேன், இஞ்ஞாசி, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கலியாண ஓலையில் முதல் ஓலை ஏற்கெனவே வாசித்தாயிற்று, போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. மரியசூசை இருதயமேரி மகன் இஞ்ஞாசிக்கும், அந்தோணிமுத்து மகள் சலோமிக்கும் என்று சாமியார் வாசித்து, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று சொன்னார், ஊரில் யார் கலியாணத்துக்கும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் அன்றைக்கு அது என் ஒருத்தியைப் பார்த்துக் கேட்டது போல் இருந்தது. ஷண்டர் ஆகப்போகிறார், குவாட்டர்ஸ் வரும் என்று பெண் பேசும்போது சொன்னது நாம்தானே. அதை நம்பித்தானே அவர்கள் தலையை ஆட்டினார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, உன் அப்பாவிடம் சொல்லாமல் நானே கிளம்பிப் போய்விட்டேன்.

அந்தோணிமுத்து நல்ல மனிதர்தான், உட்காரவைத்து முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது, “வீடு வரும்னுதானே சம்பந்தியம்மா சொன்னீங்க, எம்பொண்ணு அந்த ஊருல எங்க போய்க் குடியிருக்கும்” என்றார், அதில் தப்பு ஒன்றும் இல்லை, பெண்ணைப் பெற்றவள் கேட்கத்தான் செய்வாள். அந்தோணிமுத்து மட்டும் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே, “மூணாவது ஓலைய நிறுத்திவைக்கச் சொல்லி சாமியார்ட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா, யோசிக்கணும்” என்றார். ஓலை நின்றுபோன மாப்பிள்ளை என்று பேர் வந்தால் இந்த ஊரில் அப்புறம் யார் பெண் கொடுப்பார்கள். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. சலோமி வாசற்படிவரை வந்து, நிமிர்ந்து பார்க்காமல், “அத்தை, அந்தக் கருப்பையனுங்கறவங்களுக்கு வேலை போயிடலையே?” என்று கேட்டாள். இல்லைம்மா, அவன் வேலையில்தான் இருக்கிறான் என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள், மிஷின் மறுபடியும் ஓடியது. உனக்கு வேலை இருக்கிறதா, சம்பளம் குறையுமா, வீடு எங்கே, ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிமிஷமே இவள்தான் என் மருமகள் என்று தீர்மானம் செய்துவிட்டேன். ஆனால் தீர்மானம் செய்ய வேண்டியவர் அவள் அப்பா, அவர் சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனார்.

திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, ஒரு சேதியும் இல்லை. சைக்கிள் கடைப் பக்கம் போகவேண்டிய வேலை இருந்தும் சுற்றிக்கொண்டு போனேன். உன் அப்பா வீட்டுக்குள் வரும்போதெல்லாம் உன்னை யார் போகச் சொன்னது என்று கேட்பதும், நான் பதில் சொல்வதற்குள் இருமுவதுமாக வாரம் ஓடியது. பந்தல்காரன் வந்து கேட்டான், அப்புறம் வா என்று அனுப்பினேன். நேற்று இரவு வரைக்கும் தெரியாது, இன்றைக்குப் பூசையில் உன் பேர் வருமா வராதா என்று.

இன்றைக்குக் காலை கோயிலுக்குள் நுழைந்ததும் ஆண்கள் பக்கம்தான் பார்த்தேன். அந்தோணிமுத்து எப்போதும் தூண் பக்கத்தில் நிற்கிறவர், இன்றைக்கு உன் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார், எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார், “சம்பந்தியம்மா, எங்கடையில பிரேக்க சரியா முடுக்காம விட்டுட்டு நான் இல்லங்கறவனத்தான் இத்தன வருஷமா பாக்குறேன், நான்தான்னு ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல. வீட்டுக்காரிய சமாதானம் பண்ண ஒரு வாரம் ஆயிருச்சு, மனசுல வச்சுக்காதீங்க.” பெண்ணை முதலில் வாடகை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், குவாட்டர்ஸ் வருகிற அன்றைக்கு வரட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே நீ இனி யாருக்கும் பயந்து தலை குனிய வேண்டியதில்லை, நிமிர்ந்து வந்து இறங்கு.

மறந்துவிடாமல் இதையும் எழுதுகிறேன். கருப்பையனையும் அவன் வீட்டாரையும் கலியாணத்துக்குக் கூப்பிடச் சொல்லி சலோமி சொல்லியிருக்கிறாள், நீயே நேரில் போய்ச் சொல்லு. பேரளத்தில் வண்டி மாறும்போது டீ குடிக்கிறேன் என்று கீழே இறங்கிப் பேசிக்கொண்டு நின்று காரைக்கால் வண்டியை விட்டுவிடாதே, ரயில்வேக்காரன் ரயிலை விட்டான் என்றால் ஊர் சிரிக்கும். கோட்டுக்கு அளவு கொடுக்க வேண்டும், கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியாவது வந்து சேர். மழையில் நின்று கால் வெடித்திருக்கும், அதற்கு வேப்பெண்ணெய் போடு.

சொன்னால் நீ வெட்கப்படுவாய், இருந்தாலும் ஊரே சொல்லப்போகிறது, நானே சொல்லிவிடுகிறேன். சாமியார் இன்றைக்கு மூன்றாவது ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி நிறுத்தினார் பார், கோயிலில் ஒருவர்கூட இருமவில்லை, உன் அப்பாகூட. எனக்கு நெஞ்செல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. தன் தப்பைத் தானே சொல்லி இன்னொருத்தன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவன் இவன், இவனைப் பெற்றவள் நான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அப்பா உட்கார், உட்கார் என்று கையைக் காட்டியபோதுதான் நான் எழுந்து நிற்பதே எனக்குத் தெரிந்தது. கோயில் முழுக்க என்னையே பார்க்கிறது, சாமியார் ஓலையை இறக்கிவைத்துவிட்டு, “என்னம்மா, ஏதாச்சும் தடை இருக்கா?” என்று கேட்டார். ஒன்றுமில்லைங்க சாமி, அது என் புள்ளை, அவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மாதா உன் கையையும் காலையும் கண்ணையும் காக்கட்டும். ஆசீர்வாதத்துடன்,

உன்னைப் பெற்றவள்
ம. இருதயமேரி