உடைந்து வந்த கொத்தும் உங்கள் ஒப்புதலும்

அன்பும் அடமும் சரிபாதியாக இருந்த செல்வி அக்காவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. இப்போது பார்த்து ஆராய்ச்சி இதழ்க்காரர்கள் உங்கள் ஒப்புதலைக் கேட்கிறார்கள். நாம் இருவரும் எழுதிய கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பப் போகிறேன். எழுதிய எல்லாரும் சம்மதிக்க வேண்டுமாம். இல்லாதவருக்குப் பதிலாக வீட்டார் கையெழுத்துப் போடலாமாம்.

ஆமாம், திருத்தம்தான். கோபப்படாமல் கேளுங்கள். மெஷின் வரைந்த படத்தில் சின்னக் கொத்து இதுதான் என்று நீங்கள் மார்தட்டிச் சொன்ன அந்த உயரமான கோடு, லேசரின் வீரியத்தைக் குறைத்தால் காணாமல் போகிறது. தள்ளி, கனமான பக்கத்தில் வேறொன்று எழுகிறது. ஆவி பீச்சும் துளையைச் சுத்தம் செய்தேன், பம்பை மாற்றினேன், புது ஏலக்காய் எண்ணெய் வாங்கினேன். எதுவும் உங்கள் பக்கம் பேசவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் மறுபடி மெஷினைப் போடத் தோன்றுகிறது.

“பேசாம உன் பேர்ல தனிக் கட்டுரையாப் போட்டுடேன்” என்றார் நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார். அப்படிப் போட்டால் தப்பு உங்களுடையது, சரி என்னுடையது என்று ஆகிவிடாதா? கூட்டாகத்தானே எழுதினோம்?

அதனால் கையெழுத்துக் கேட்டு உங்கள் ஊர் ஆனைக்கரைக்குப் போனேன். உங்கள் அம்மா ஏலத்தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நம் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்ததும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் உட்கார்ந்து விளக்கினேன்.

“ஏலக்கா வாசத்துல இருக்கற பொருளைத் தண்ணி ஆவியோட சேத்துப் பீச்சுனா, குளுந்து கொத்துக் கொத்தா ஒட்டிக்குமுங்கம்மா. லேசர அடிச்சு, எந்தக் கொத்து எவ்வளவு கனம்னு பாப்போம். அக்கா சொன்ன சின்னக் கொத்து, மொதல்லயே இருந்ததில்லீங்க. பெரிய கொத்து லேசர் பட்டு ஒடஞ்சு அப்படி வந்திருக்குது.”

“செத்தவ மேலயா தப்புச் சொல்லுத?”

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“திருத்தத்துல அவ பேரு இருக்குமா?”

“மொதப் பேரே அக்கா பேருதானுங்க.”

“அப்ப அவளே திருத்துனதாத்தான் இருக்கும். பேனாவக் கொண்டா.”

கையெழுத்து கிடைத்துவிட்டது. ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை. நான் எதைச் சொன்னாலும் “ஏலே, அதெப்படி?” என்று மல்லுக்கு நிற்க நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். இப்போது நான் சொன்னதை எல்லாரும் ஒரே பேச்சில் ஒப்புக்கொள்கிறார்கள். இதில் ஓட்டை இருந்தால் யார் அக்கா கண்டுபிடிப்பது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அனுப்பும் முன் நீங்கள் சரி, நான் தப்பு என்று வைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை முழுமூச்சாக எல்லாவற்றையும் செய்து பார்ப்பேன். உங்களுக்காக வாதாடுவேன். அதில் என் திருத்தம் தோற்று நீங்கள் ஜெயித்தால் நன்றாக இருக்கும்.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்,
கொழிஞ்சாம்பாறைத் தம்பி