போளூர் லைனில் அப்பா

13-2-61, திங்கள்
காலையில் புல்மேல் உறைபனி. மலையில் மழை பெய்து ஒரு மாதம்.

போளூர் மேட்டுக் காற்றுமானி இன்றும் தப்பு. அங்கே கிண்ணங்கள் சுற்றுகிற வேகம் கம்பி வழியாக வந்து, இங்கே ஆபீஸ் பெட்டியில் முள்ளை நகர்த்த வேண்டும். அங்கேயே குடிசையில் தங்கி வேலை பார்க்கும் அப்பா, மேட்டில் நின்று கடிகாரம் வைத்து எண்ணியது மணிக்கு 18 மைல். இங்கே முள் 11.

பழுது பார்ப்பதற்காக அதே கம்பியில் ஒரு டெலிபோன். தினம் 4.45க்கு அப்பா தன் எண்ணைச் சொல்வார், நான் முள் காட்டுவதைச் சொல்லி நோட்டில் எழுதுவேன். இது ஆபீஸில் இருக்கும் சுலைமான் மாமாவின் சோலிதான். ஆனால் அது அவர் தொழுகை நேரம்.

அம்மா கன்னிவாடியில். தம்பி பிறந்து இருபது நாள். எனக்குப் பள்ளிக்கூடம். சாப்பாடு, தூக்கம் மாமா வீட்டில்.

அப்பா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "சாப்பிட்டியா" மட்டும் கேட்டது. அல்லது நானாக அப்படி எடுத்துக்கொண்டேன்.

14-2
மாமா பெட்டிக்குள் இருக்கும் வால்வு இரண்டையும் மாற்றினார். முள் 10. புது பாட்டரி. 10. கம்பி முடிச்சுகளைச் சுரண்டித் திரும்ப முறுக்கினார். 10.

"இந்தப் பொட்டிக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு புள்ள. ஒன் புஸ்தகத்துல அதுக்கு மருந்து போட்டிருக்கா?"

போடவில்லை. மின்சாரப் பாடம் இரண்டு தரம் படித்தேன். பள்ளியில் இன்று யாரோடும் பேசவில்லை, வருகைக்கு "உள்ளேன்" சொன்னது தவிர.

15-2
கண்டுபிடித்துவிட்டேன்.

அரை நாள் பள்ளி. ஆபீஸுக்குப் பின்னால் பாவாடை துவைத்தேன். சோப்புத் தண்ணீர் முழுவதும் எர்த் குழிக்குள் ஓடிவிட்டது. கரியும் உப்பும் போட்டுச் செம்புத் தகடு புதைத்த குழி. கம்பியில் வரும் மின்சாரம் மண் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. திட்டு விழும் என்று பயந்து உள்ளே போனால் முள் 17. மண் காய்ந்ததுதான் பழுது.

டெலிபோனில் அப்பா மூச்சுகூடக் கேட்கிறது. பின்னால் உலை கொதிக்கிறது.

"என்ன பாப்பா, பக்கத்து ரூமுல இருந்து பேசுற மாதிரி இருக்கு. எனக்குப் பதினெட்டு. முள்ளு எவ்வளவு?"

"பதினொண்ணுப்பா."

பழுது தீர்ந்தால் டெலிபோனைக் கழற்றிவிடுவார்கள். அப்பா ஜூன் வரை மேலேதான். நோட்டிலும் 11.

17-2
குழி காய்ந்துவிட்டது. முள் 12, அப்பாவுக்கு 19. குரல் மறுபடி கிணற்றில். ஏதோ சொல்லிச் சிரித்தார். கேட்காமலே நானும் சிரித்தேன்.

18-2, சனி
மதுரையிலிருந்து என்ஜினீயர். பெட்டியைத் திறந்து மூடினார், நோட்டைப் புரட்டினார்.

"பெட்டியில கோளாறு இல்ல. மேல இருக்கற ஆளுதான் கோளாறு. குடிசைக்குள்ள படுத்துக்கிட்டு வாய்க்கு வந்ததை எழுதறாரு."

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க சார்" என்றார் மாமா.

"புதன்கிழமை பாருங்க. அங்க பதினெட்டு, இங்க பதினொண்ணு. வேற ஆளைப் போட்டுரலாம். இவரு வீட்டுக்குப் போகட்டும்."

வீட்டுக்கு என்றால் வேலை போயிற்று. ஆனால் ஒரு நொடி, அப்பா வந்துவிடுவார் என்று சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

"சார், எர்த் குழி காய்ஞ்சிருந்துச்சு, தண்ணி ஊத்தியிருக்கேன். முள்ளைப் பாருங்க."

12. 14. மெதுவாக 18.

"புதன்கிழமையும் சரியாத்தான் காட்டுச்சு சார். நான்தான் மாத்தி எழுதுனேன்."

"எதுக்கு?"

காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். என்ஜினீயர் நோட்டில் அந்த 11ஐ அடித்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"தினம் ரெண்டு வாளி ஊத்துங்க. போனைக் கழட்டுங்க, வேற லைனுக்கு வேணும்."

ஒரு தரம் பேச விட்டார்கள்.

"எனக்குப் பதினெட்டு. முள்ளு?"

"பதினெட்டுப்பா."

"அப்பாடா. ஒத்துப்போச்சு."

அவ்வளவு தெளிவான லைன். அதற்குமேல் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

20-2
மூடுபனி. மாமா தொழுகைக்கு முன்பே நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கோபமாக இல்லை. மாமி பள்ளிக்கூடத்துக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார்.

குழிக்கு இரண்டு வாளி. 4.45. முள் 9. அங்கே அப்பாவுக்கும் ஒன்பதாகத்தான் இருக்கும்.