முதல் தாளில் மஞ்சள்

மஞ்சள் விரலோடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கும் அப்பாவுக்கு,

என் கல்யாணம் அடுத்த மாதம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் முகம் கோணாமல் காத்திருந்தார்கள். உங்கள் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்து தாரை வார்ப்பார். நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதைச் சொல்ல மனசு வரவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

தமிழ்க் கல்யாணப் பத்திரிகையைக் கடையில் அச்சடிக்கலாம், பாசிர் பெனம்பாங் சீன நண்பர்களுக்கும் ரவாங் தொழிற்சாலை ஆட்களுக்கும் மலாய் மொழியில் ஒன்றை வீட்டிலேயே அடிப்போம் என்றது நீங்கள்தான். ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்து கோலசிலாங்கூர் முழுக்கப் பெருமையடித்தவர் ஆயிற்றே. நெஞ்சு பலவீனம், படுத்திருங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டீர்களா? அந்தப் பழைய பிரிண்டரின் பற்களில் ஓரத் துளைத் தாளை நான் பொருத்தியதும், மஞ்சளைக் குழைத்து வந்து முதல் தாளின் நான்கு மூலையிலும் தடவினீர்கள்.

"நல்ல காரியம்லா. வெறுந்தாளையா போடுறது?"

அச்சடிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். இரண்டு வரி நகர்ந்து பிரிண்டர் நின்றுவிட்டது. கட்டளை போய்ச் சேரவில்லை என்று தம்பி மறுபடி கொடுத்தான், மறுபடியும் கொடுத்தான். வயரைப் பிடுங்கிச் செருகினான். எல்லாம் வரிசையில் காத்திருப்பதாகத் திரை சொன்னது, பிரிண்டரில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கம்ப்யூட்டரைத் திட்டினோமே தவிர, தாளை ஒருவரும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை அப்பா?

படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

"வந்திருச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா. வரிசையில நிக்குது."

"நிக்கட்டும். நம்ம முறை வரும்லா."

அதற்குள் வலி வந்துவிட்டது. எதையும் அணைக்கத் தோன்றாமல் உங்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மறுநாள் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பாய் எடுக்க அறைக்குள் போனேன். சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தாளைப் பார்த்தேன். நீங்கள் வைத்த ஈர மஞ்சள் காய்ந்து, ஓரத் துளைகளைப் பிரிண்டரின் பற்களோடு ஒட்டிப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, அடுத்ததை நேராக்கி, பொத்தானை அழுத்தினேன்.

பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. நாங்கள் கொடுத்த கட்டளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு தாளிலும் அழைப்பவர் இடத்தில் உங்கள் பெயர். கூடத்தில் ஒப்பாரி நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி ஓடி வந்து நிறுத்தச் சொன்னான். வரிசையை அழிக்கும் கட்டளை எனக்குத் தெரியும்.

"அப்பா முறை வந்திருச்சுடா," என்றேன். அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நேற்று அழைப்பிதழைத் திருத்தினேன். காலஞ்சென்றவர் பெயருக்கு முன்னால் மலாயில் 'மெண்டியாங்' என்று போட வேண்டும். உங்கள் பெயருக்கு முன்னால் அதைப் போட எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? புதியது சிக்கலே இல்லாமல் உடனே வந்துவிட்டது. அதுகூட எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பழைய தாள்களை நான் எறியவில்லை அப்பா. அவற்றில் நீங்கள்தான் எல்லோரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். ஊருக்குப் புதியது போகட்டும். சாமி முன்னால் பழையதில் ஒன்றைத்தான் வைப்பேன். மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, காய விட்டு, என் கையாலேயே கொண்டுபோய் வைப்பேன். இது சத்தியம்.

நீங்கள் அழைத்த கல்யாணத்தின் மணப்பெண்,
உங்கள் மூத்த மகள்