எல்லைக் கல்லைத் தாண்டிய வலது கால்

மண்ணுக்குள் போய்ப் படுத்தும் என்னைச் சும்மா விடாத மச்சான் அருளப்பா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்பவே சொன்னேன். நீ செத்தாலும் நாலு பேர் நின்று பார்க்கிற இடத்தில்தான் நிற்பாய் என்று சொன்னேனா இல்லையா? நீ சிரித்தாய். "மொதல்ல உன் வண்டிக்கு பிரேக்கு போடு ஏழுமல, அப்புறம் ஜோசியம் சொல்லலாம்" என்றாய். இப்போது வந்து பார். தண்ணித் தொட்டி காம்பவுண்டுச் சுவரில் பத்தடி உயரத்துக்கு நிற்கிறாய். கொத்தனாராக இருந்து உன் கையால் நீயே பூசின சுவர்!

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை ஊரும் படிக்கப் போகிறது, அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன். தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம், என் ஊர், எங்கள் அம்மன் கோயில். அந்தப் பக்கம் புதுச்சேரி, உன் ஊர், உங்கள் மாதா கோயில். நடுவில் ஒரு மதகு, மதகோரம் எல்லைக் கல். ரெண்டு ஊருக்கும் பொதுவானதைச் சுவரில் வரையலாம் என்று ரெண்டு பக்கத்து இளவட்டமும் சேர்ந்து, சிதம்பரத்திலிருந்து ஓவியம் படித்த பொண்ணு ஒண்ணைக் கூட்டி வந்தார்கள். ஏணியில் ஏறினால் மதியச் சோற்றுக்குத்தான் இறங்கும்.

"ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமானது என்னங்க?" என்று அது எல்லாரையும் கேட்டது. ஒருத்தர் ஆடிக் கூழ் என்றார். ஒருத்தர் கிறிஸ்துமஸ் கேக் என்றார். காடாம்புலியூர் பலாப்பழம் என்று சொன்னது நான்தான், இருபது வருஷம் லோடு அடித்தவன் ஆச்சே. பக்கத்திலேயே நின்று முள் முள்ளாகத் திருத்தினேன். நான் மட்டும் இல்லையென்றால் அது பூசணிக்காயாகத்தான் வந்திருக்கும்.

அப்புறம்தான் உன் கதையைச் சொன்னேன்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு முந்தின நாள் பல்லக்கை இறக்கிக் கழுவும்போதுதான், தண்டு ரெண்டும் செல்லரித்துப் போனது தெரிந்தது. எங்கள் அம்மன் கடலுக்குப் போயாக வேண்டும். மறுநாள் விடிகாலை நான் மதகோரம் தவித்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் மாதா சப்பரத்துத் தண்டு ரெண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நீ வருகிறாய். கல்லைத் தாண்டி வந்து என் கையில் கொடுக்கிறாய். நாம் ரெண்டு பேருமே கட்டி முடித்தோம். பட்டும் மாலையும் சுற்றிவிட்டால் எந்தத் தண்டு என்று எவனுக்குத் தெரியும்? தேவனாம்பட்டினம் கடற்கரை வரைக்கும் அம்மன் ஆடி ஆடிப் போனதைப் பார்த்து, அருள் வந்திருச்சு என்று ஊரே கும்பிட்டதே!

அந்தப் பொண்ணு ஏணியை விட்டு இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பெயிண்டும் பட்டிருக்கலாம்.

நீ தண்டோடு கல்லைத் தாண்டுகிற மாதிரி வரைந்து முடித்த அன்றைக்கு உன் பொண்டாட்டி மேரி வந்தது. உன் முகத்தைப் பார்க்கவில்லை மச்சான். குனிந்து உன் பாதத்தைத் தொட்டது. "வலது காலு கல்லைத் தாண்டிடுச்சிண்ணே" என்றது.

பிரச்சினை ஒரே வாரத்தில் வந்தது. என் அக்கா மவன் செல்வராசு இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறான். "எங்க அம்மன் சர்ச்சுத் தண்டுல போச்சா? ஆதாரம் எங்க?" என்று குதித்தான். உன் பக்கத்திலோ, "மாதா தண்டை எவனைக் கேட்டு வெளிய எடுத்தான்?" என்று குதித்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் ரெண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம்.

சுண்ணாம்பு பக்கெட் வந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் உன் காலடியில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு மாமா."

"அடி. என் மேலயும் சேத்து அடி. பொங்கலுக்கு எங்க வூட்ல அடிக்காம மிச்சம் வுட்டது என்னைத்தான்."

"வெளையாடாத மாமா. நீ எது சொன்னாலும் பாதியைத் தள்ளிட்டுத்தான் நாங்க கேப்போம்."

"தள்ளேன்! பாதி போனாலும் ஒரு தண்டு நிக்குதுல்ல?"

கூட்டம் சிரித்தது. செல்வராசு சிரிக்கவில்லை. மேரி பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வூட்டுக்காரரு அன்னைக்குத் தண்டு எடுத்துக்கினு வந்தது நெசமா?"

மேரி என்னைப் பார்த்தது. நான் திரும்பி உன் வலது காலைப் பார்த்தேன். "எடுத்துக்கினு போனாரு. தோளுக்கு நாந்தான் துண்டை மடிச்சிக் குடுத்தேன்" என்றது. அவ்வளவுதான். பொய் சொல்லாத பொம்பளை என்று ரெண்டு ஊருக்கும் தெரியும். பக்கெட் திரும்பிப் போனது. மாசி மகம் கழித்து ரெண்டு கமிட்டியும் உட்கார்ந்து முடிவு பண்ணுமாம்.

பண்ணட்டுமே! அதற்குள் நான் ஒன்று முடிவு பண்ணிவிட்டேன். வருகிற மாசி மகத்துக்கு உங்கள் மாதா கோயில் வாசலில் போய் நின்று அந்தத் தண்டு ரெண்டையும் நானே கேட்கப் போகிறேன். மேரியிடம் சொன்னேன். "கேளுங்கண்ணே. ஒரு தடவ கேக்காமயே வந்த தண்டுதான அது" என்றது. தந்தால் முன்பக்கத் தண்டு என் தோளில். தரவில்லை என்றால் தருகிற வரைக்கும் அதே நாற்காலி, அதே வாசல். எங்கள் கமிட்டி மறித்தால் மறிக்கட்டும். அம்மனைக் கட்டின கை என்னுடையது.

இந்தக் கடிதத்தைச் சுவரிலேயே உன் காலுக்குக் கீழே ஒட்டப் போகிறேன். வெள்ளையடிக்க வருகிறவன் படித்துவிட்டு அடிக்கட்டும். அதனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேரி அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நான்தானே சொல்ல வேண்டும்?

நீ வந்தது நிஜம். தண்டு நிஜம். மடித்த துண்டு நிஜம். ஆனால் நீ கல்லைத் தாண்டவில்லை மச்சான். "ஊரு பேசும்டா, எடுத்துக்கினு திரும்பிப் போயிடு" என்று மதகிலேயே உன்னை நிறுத்தினது நான். நீ தோள் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாய். அன்றைக்கு அம்மன் போனது என் கொல்லையில் நான் வெட்டின சவுக்குக் கம்பில். அந்தப் பச்சைக் கம்பு வளைந்துதான் அம்மன் ஆடியது.

சுவரில் இருக்கிற அந்த வலது கால் நான் சொன்ன பொய். மாசி மகம் வரைக்கும்தான் பொய்.

தோளுக்குத் துண்டு மடித்து வைத்திருக்கும்,
உன் மச்சான் ஏழுமலை