அளவு ஜாக்கெட்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கல்லூரி ஆய்வுக்காக மறுபடியும் ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போனேன். அசெம்பிளி லைனில் மயங்கி விழுந்த தோழியை நிர்வாகம் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிவிட்டதைப் போன வாரம் சொன்னவள் முத்துமாரி. இன்று அறையிலிருந்த எல்லாப் பெண்களும், "ஒரு கொறையும் இல்லக்கா, வீடு மாதிரி இருக்கு" என்றார்கள். ஒரே சொற்கள், ஒரே சிரிப்பு. முத்துமாரி நான் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

வாசல்வரை கூடவே வந்தாள். "ஒங்க அம்மா படப்பையில தையக்கடை வச்சிருக்காவளாம்லா? பாத்து இருங்கக்கா." என் வீட்டைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை. யார் சொன்னது என்று கேட்டேன். அதே சிரிப்பு.

வீட்டில் அம்மா, "யாரோ ஒரு பொம்பள வந்துச்சுடி. நீ இன்னா படிக்கிற, எப்ப வருவன்னு உன்னப் பத்தியே கேட்டுகினு இருந்துச்சு. துணி அப்பாலிக்கா தரேன்னு அளவு ஜாக்கெட்ட மட்டும் குடுத்துட்டுப் போச்சு. டேப் வெச்சுப் பாத்தேன், அப்படியே உன் அளவுடி" என்று சிரித்தாள்.

நாளை வகுப்பில் முத்துமாரி சொன்னதை நான் வாசிக்க வேண்டும். அவள் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். வாசிப்பேன் என்றுதான் இந்த நிமிடம்வரை இருக்கிறேன். ஜாக்கெட் எதிரே ஆணியில் தொங்குகிறது. விளக்கை மட்டும் அணைக்க முடியவில்லை.